மாப்பிள்ளை வீட்டுத் தாய்ப்பத்திரம்

பதிவுத்துறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியாயிற்று. இனி பேரனுக்குத் தோசை வார்த்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டலாம் என்றுதான் மகள் வீட்டுக்கு, அமெரிக்காவுக்கு வந்தேன். இங்கேயும் பத்திரம்தான் வாய்த்தது.

மாப்பிள்ளை அமெரிக்கர். ஓஹையோவில் ஸ்னைடர் குடும்பம். ஜெர்மனியில் ஷ்னைடர், அதாவது தையற்காரர். நியூயார்க்கில் கப்பலில் வந்த குடியேறிகளைப் பதிவுசெய்த எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரி தப்பாக எழுதியதில் ஸ்னைடர் ஆனதாக அவர்கள் வீட்டில் கதை. சம்பந்தி அம்மா ஒரு பழைய குடும்ப பைபிளைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மசி மங்கிய பிறந்தநாள் பட்டியல். முதல் வரி 1823, ஓஹையோ. எல்லிஸ் தீவு திறந்ததே 1892-ல். யாரும் கேட்காமல் நானே கணக்குப் போட்டுச் சொல்ல, அவர் முகம் சுருங்கிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம்.

தன் வம்சம் எங்கிருந்து வந்தது என்று தேட மாப்பிள்ளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆரம்பித்தார். 1790-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்திருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 1950-லிருந்து பின்னோக்கிப் போவது சுலபம். 1890 ஏடுகள் 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பாலும் போய்விட்டன. அங்கே இருபது வருஷம் தாண்டிக் குதிக்க வேண்டும். 1850 வரை வீட்டிலிருந்த எல்லார் பெயரும் உண்டு, அடிமைகளாக வைத்திருந்தவர்களைத் தவிர. அவர்களுக்குத் தனி ஏடு; அதில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும்தான். கறுப்பினக் குடும்பம் ஒன்று இதே தேடலில் இறங்கினால் எந்த இடத்தில் முட்டி நிற்கும் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

1850-ல் குடும்பத் தலைவருக்கு வயது 54, பிறந்தது பென்சில்வேனியா. அதற்கு முந்தைய ஏடுகளில் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்களெல்லாம் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை.

இங்கே மாப்பிள்ளை சறுக்கினார். யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த வம்ச மரத்தில் இதே பெயர் இருக்க, அப்படியே ஒட்டவைத்து ஆறு வாரத்தில் ஜெர்மனி வரை போய்விட்டார். தேதிகளை நான் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அந்த மரத்தில் தாய்க்கு ஒன்பது வயதில் பிள்ளை பிறந்திருந்தது.

"பெயரை விடுங்க மாப்பிள்ளை, நிலத்தைப் பிடிங்க" என்றேன். ஸ்னைடர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒரு துண்டு நிலம் ஒன்றுதான்.

ஓஹையோவில் ஸ்டார்க் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) அந்த 1850 குடும்பத் தலைவர் 1821-ல் வாங்கிய கிரயப் பத்திரம் கிடைத்தது. வாங்குபவர் பென்சில்வேனியாவின் லெபனான் கவுண்டியைச் சேர்ந்தவர் என்று எழுதியிருந்தது. லெபனானில் விற்றவர் அட்டவணையை எடுத்தோம். 1829-ல் தகப்பன் இறந்தபின் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்! எட்டில் ஒருவர் 'ஓஹையோ மாநிலம், ஸ்டார்க் கவுண்டி'. நான் கத்திய கத்தலில் பேரன் எழுந்துவிட்டான்.

சொத்து விவரம் நம்மூர் நான்கெல்லை மாதிரியேதான். ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனை டிகிரி வடகிழக்கே இத்தனை பெர்ச் போய் ஒரு கல். அங்கிருந்து இன்னார் நிலத்தை ஒட்டி... ஒரு பெர்ச் பதினாறரை அடி. பக்கத்து நிலத்துக்காரர்கள் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். சொந்தபந்தம் அக்கம்பக்கத்தில்தான் இருக்கும்.

இன்னொரு பத்தியில் அப்படியே நின்றுவிட்டேன். மூத்த மகனின் மனைவியை நீதிபதி கணவனிடமிருந்து தள்ளித் தனியே விசாரித்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிக்கிறாள் என்று உறுதிசெய்துகொண்டதாக எழுதியிருந்தது. கீழே பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி, அந்த அம்மாவின் கைநாட்டு. கணவன் வாசலில் நிற்க, கையெழுத்துப் போட வந்த எத்தனை பெண்களை நான் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தாய்ப்பத்திர விவரமும் அதிலேயே இருந்தது. தகப்பனுக்கு அது 1788-ல் அவர் தகப்பனிடமிருந்து வந்தது. அவர் வாங்கியது 1764-ல். ஆனால் இரண்டுமே லெபனான் ஏடுகளில் இல்லை. மாப்பிள்ளை சோர்ந்துவிட்டார். எனக்கு இது பழகிய கூத்து. தஞ்சாவூரிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம், அதிலிருந்து 2020-ல் மயிலாடுதுறை என்று நிலம் நகராமலே மாவட்டம் மாறியதைப் பார்த்தவள் நான். லெபனான் கவுண்டி பிறந்ததே 1813-ல். அந்த ஊர் 1785 முதல் டாஃபின், அதற்கு முன் லான்காஸ்டர். 1788 பத்திரம் டாஃபினில் கிடைத்தது, 1764 லான்காஸ்டரில்.

வாங்கியவர் யோஹானஸ் ஷ்னைடர். அந்த ஜெர்மன் பெயர் கொஞ்சங்கொஞ்சமாக ஸ்னைடர் ஆனதைப் பத்திரம் பத்திரமாகவே பார்க்கலாம். எந்தத் தீவு அதிகாரியும் மாற்றவில்லை.

அடுத்தது கப்பல். பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானியர்களில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 1727 முதல் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியல்கள் கையெழுத்துப் படியோடு அச்சாகியிருக்கின்றன. பெண்களும் குழந்தைகளும் அதில் கிடையாது. யோஹானஸ் ஷ்னைடர்களோ வரிசைகட்டி நின்றார்கள்.

பத்திர ஏட்டில் இருப்பது எழுத்தர் எடுத்த நகல். கையெழுத்துக்கு அது உதவாது. யோஹானஸுடைய உயிலின் அசலே கிடைத்தது, அடியில் ஜெர்மன் எழுத்தில் நடுங்கிய கையெழுத்து. கைநாட்டு வைத்தவர்களைக் கழித்தோம். வயது பொருந்தாதவர்களையும் கழித்ததில் மிச்சம் இரண்டு பேர்.

மாப்பிள்ளைக்கு 1751 கப்பல்காரர்மேல்தான் ஆசை. கையெழுத்தின் முதல் வளைவு ஒத்துப்போகிறது என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இரண்டு கையெழுத்துக்கும் நடுவே நாற்பது வருஷம். அவர் கோப்பில் அந்த இடத்தில் பென்சிலால் 'நிலுவை' என்று தமிழில் எழுதிவைத்திருக்கிறேன்.