கடைமடையில் கேட்ட பெயர்

1987-இல் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்ததும் என்னை மணிமுத்தாறு கால்வாயின் நாலாவது ரீச்சில், அதாவது கடைசிப் பகுதியில், போட்டார்கள். கால்வாய்க் கரையில் சைக்கிளில் போய் மதகின் ஷட்டரைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும், கேஜில் நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். காரும் பிசானமுமாக இரண்டு போகத்தைப் பார்த்து வளர்ந்தவன். தண்ணீருக்காக ஒரு ஊரே கரையில் வந்து நிற்பதை சாத்தான்குளம் வட்டாரத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

முதல் தடவை தண்ணீர் திறந்தபோது ஒரு குளத்தங்கரையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் பனை ஏறிக் காய்த்த தழும்பு. "தம்பி, தண்ணி வந்துட்டா?" என்றார். மூன்று நாளாக இதே கேள்வி. காய்ந்து கிடந்த வாய்க்கால், வருகிற தண்ணீரை வழியெல்லாம் குடித்துவிடும். எப்போது வந்து சேரும் என்று எனக்கே தெரியவில்லை. "நாளைக்கு வந்துரும் தாத்தா" என்றேன்.

"வரும் வரும். அண்ணாச்சி கேட்டு வாங்குன தண்ணிலா. வராம எங்க போவும்?"

எந்த அண்ணாச்சி என்று கேட்டேன். சம்பளம் வாங்குகிறவனுக்கு இது தெரியாதா என்பதுபோல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "கோசல்ராம்."

கே.டி. கோசல்ராம் ஆறுமுகநேரிக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். பிறகு 1977, 1980, 1984 என்று மூன்று தேர்தல்களிலும் திருச்செந்தூர் தொகுதியில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். மூன்றாவது தடவை எம்.பி.யாக இருக்கும்போதே 1985-இல் காலமானார். நான் வேலைக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

அவர் ஊருக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில்தான் புன்னக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கிற இடம். ஐப்பசி கார்த்திகையில் மலையில் கொட்டுகிற மழை மணிமுத்தாறு வழியாகத் தாமிரபரணியில் சேர்ந்து, வெள்ளமாக ஓடி, அங்கே கடலுக்குள் போய்விடும். அதே மாதத்தில் கொஞ்சம் தெற்கே செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்துக் குளங்களில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மனிதர் சும்மா இருக்க முடியாது. அந்த வெள்ளத்தை மலையடியிலேயே நிறுத்தி, நாங்குநேரி, சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் குளங்களுக்குத் திருப்ப வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். காமராஜர் ஆட்சியில், 1958-இல் மணிமுத்தாறு அணை முடிந்தது. உயரம் 118 அடி. கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி.

கட்டியவர்கள் பொறியாளர்களும் கூலியாட்களும். பணம் ஒதுக்கியது அரசாங்கம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அணை இருப்பது மேற்கே மலையடியில், தண்ணீர் வேண்டியிருந்தது கிழக்கே கடலோரத்தில். இவ்வளவு தூரத்தையும் ஒரே விஷயமாகப் பார்த்துக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு ராத்திரியில் எனக்கு விளங்கியது.

கால்வாயில் நாலு ரீச்சுக்கும் தண்ணீர் போதாத வருஷங்களுக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு வருஷம் 1, 2 ரீச்சுகளுக்கு முன்னுரிமை என்றால் அடுத்து 3, 4 ரீச்சுகளுக்கு. அது எங்கள் முறை வந்த வருஷம். ராத்திரி எட்டு மணிக்கு கேஜ் பார்த்தால் தண்ணீர் பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையோடு மேலே போனேன். ஓரிடத்தில் ஷட்டருக்கு அடியில் பனந்தடியைக் கொடுத்துத் தூக்கி வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஒருவரும் சண்டை போடவில்லை. "வாழை கருகுது சார், ரெண்டு நாள் விடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார் ஒருவர். வாழையைப் பார்த்தேன், கருகத்தான் செய்திருந்தது.

சரி என்று பாதி ஷட்டரை விட்டுவிட்டு வந்தேன். ரெண்டு நாள் நாலு நாள் ஆயிற்று. அந்த வருஷம் கடைசிக் குளத்துக்கு முழங்கால் தண்ணீர்தான் வந்தது. குளம் நிரம்பி மறுகால் பாயவில்லை. நெல்லுக்கு விதைத்தவர்கள் அதை மாட்டுக்கு விட்டார்கள். பெரியவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கண்முன்னால் நின்ற பதினைந்து பேருக்காக, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊரை நான் விட்டுக்கொடுத்தேன். கடைமடைக்காரனுக்காக மலையடி வரை போய்க் கேட்டவர் கொண்டுவந்த தண்ணீர் அது.

அதற்கப்புறம் எங்கள் முறை வந்தபோதெல்லாம் ராத்திரி கரையிலேயே படுத்தேன். ஏச்சும் வாங்கினேன். ஷட்டரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் ஓய்வு பெறும்போது எங்கள் பிரிவு பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து நீர்வளத் துறை ஆகியிருந்தது. போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவன், குளத்தைப் பார்க்கத் திரும்பினேன். பெரியவர் இல்லை. பேரன் இருந்தார். கரைக்குக் கீழே உள்ள கிணற்றைக் காட்டி, "தாத்தா காலத்துல இது உப்புக் கிணறு" என்றார். ஒரு வாளி இறைத்துக் கொடுத்தார். குடித்தேன். கரிக்கவில்லை. குளத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் கிடந்தது. இந்த வருஷம் யார் முறை என்று கேட்டேன்.

"நம்ம முறைதான் சார்" என்றார்.