ஹோர்ட்டாவில் கரை ஏறினோம்

விடியலுக்கு முந்தைய வாட்ச், அதாவது விழித்திருந்து படகைப் பார்த்துக்கொள்ளும் முறை, என்னுடையது. அதுவரை எங்களைத் தள்ளிக்கொண்டு வந்த மேற்குக் காற்று நள்ளிரவில் செத்துப்போனதால் இன்ஜின் போட்டிருந்தோம். நாலு மணி வாக்கில் வடகிழக்கிலிருந்து லேசாக ஒரு காற்று வந்தது. அதில் ஈரப் புல்லும் மாட்டுச் சாணமும் மணத்தன. கரீபியனில் செயின்ட் மார்ட்டின் தீவை விட்டுப் பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பியதிலிருந்து வாரக்கணக்காக உப்பு, டீசல், காயாத துணி, இவை தவிர வேறு வாசனையே இல்லை. கேப்டனை எழுப்பலாமா என்று யோசித்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரமாவது அந்த மணம் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று தோன்றியது.

வெளிச்சம் வந்ததும் ஃபயல் தீவின் மேற்கு முனையான கப்பெலின்யோஸ் தெரிந்தது. பச்சைத் தீவின் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டல். 1957 செப்டம்பரில் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலுக்கடியில் எரிமலை வெடித்து, ஓராண்டுக்கு மேல் சாம்பலைக் கொட்டி உண்டாக்கிய நிலம் அது. முனையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளம் அப்படியே புதைந்துவிட்டது, கோபுரம் மட்டும் இன்னும் நிற்கிறது. தீவுக்குப் பின்னால், மேகத்துக்கும் மேலே, பக்கத்துத் தீவான பிக்கோவின் மலை. 2,351 மீட்டர், போர்ச்சுகலிலேயே உயரமான மலை. கேப்டன் மேலே வந்து அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, டீ போடக் கீழே போனார். எழுபதைத் தாண்டிய டச்சுக்காரர், இந்த வழியாகப் பலமுறை வந்தவர்.

அட்லாண்டிக் நடுவில் இருக்கும் போர்ச்சுகலின் அசோர்ஸ் கூட்டத்தின் 9 தீவுகளில் ஃபயலும் ஒன்று, அதன் துறைமுக ஊர்தான் ஹோர்ட்டா. ஜூனில் புயல் காலம் தொடங்கும் முன் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் பாய்மரப் படகுகள் முதலில் வடக்கே ஏறி, மேற்குக் காற்றைப் பிடித்து, அப்புறம் கிழக்கே திரும்பும். செயின்ட் மார்ட்டினிலிருந்து சுமார் 2,200 கடல் மைல். நேரே வந்தால் நடுவில் ஒதுங்க இடமே கிடையாது. அதனால் இங்கே வந்து நிற்கும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தண்ணீரைத் தாண்டி வந்தவர்கள். எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

மோன்ட்டி த கியா குன்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழையும்போது மஞ்சள் கொடியை ஏற்றினேன். 'படகில் நோய் எதுவும் இல்லை, உள்ளே வர அனுமதி கொடுங்கள்' என்று சொல்லும் கொடி. அலுவலகத்தில் மற்றவர்களின் ஐரோப்பிய பாஸ்போர்ட்டுகள் நொடியில் முடிந்தன. என்னுடையதை அதிகாரி நிதானமாகப் புரட்டினார், விசாவை இரண்டு முறை பார்த்தார். எனக்கு வயிறு கலங்கியது. "இந்தியாவிலிருந்தா? படகிலா?" என்று கேட்டு, முத்திரையைக் குத்திவிட்டு, எழுந்து நின்று கை கொடுத்தார். மஞ்சள் கொடியை இறக்கிப் போர்ச்சுகல் கொடியை நான்தான் ஏற்றினேன்.

மெரினாவில், அதாவது படகுகள் கட்டும் துறையில், இடம் இல்லை. சீசனில் எப்போதும் இப்படித்தானாம். சுவரோரம் ஒரு படகு, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று பக்கவாட்டில் சேர்த்துக் கட்டி நின்றன. கடைசிப் படகை நெருங்கியபோது, நாங்கள் கேட்காமலேயே மூன்று பேர் ஓடிவந்து கைநீட்டினார்கள். நான் வீசிய கயிற்றைப் பிடித்த பிரெஞ்சுப் பெண்ணின் உள்ளங்கை முழுக்க என் கையில் இருப்பது போலவே காய்ப்பு, விரல் இடுக்கில் உப்பு வெடிப்பு. "வாழைப்பழம் வேணுமா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. கரைக்குப் போக மற்றவர்களின் படகுகள் மேல்தான் ஏறிக் கடக்க வேண்டும். அதற்கும் ஒரு மரியாதை உண்டு: உட்காரும் பின்பக்கம் வழியாகப் போகாமல், முன்பக்கமாக, பாய்மரத்துக்கு முன்னால் சுற்றித்தான் போக வேண்டும்.

தரையில் கால் வைத்ததும் தரை ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு போன் செய்தேன். நாகப்பட்டினத்தில் காலமெல்லாம் விசைப்படகு ஓட்டியவர். மேற்குக் காற்று அவருக்குக் கச்சான்.

"கடைசி வரைக்கும் கச்சான்தானாம்மா?"

"ராத்திரி செத்துப்போச்சுப்பா. இன்ஜின்லதான் வந்தோம்."

"டீசல் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

சொன்னேன். "சரி, அது போதும்" என்றார். அவர் குரல் தளர்ந்ததை அப்போதுதான் கேட்டேன்.

சாயங்காலம் பீட்டர் கஃபே ஸ்போர்ட். 1918 முதல் இருக்கும் கடை. சுவரும் கூரையும் படகுக்காரர்கள் விட்டுப்போன கொடிகள். மாடியில் திமிங்கலப் பல்லில் கீறிய சித்திரங்களின் அருங்காட்சியகம். செல்போன் இல்லாத காலத்தில் மாலுமிகளுக்கு வரும் கடிதங்களை இந்தக் கடைக்காரர்கள் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து கொடுப்பார்களாம். எத்தனை பேர் அந்த மேசைகளில் உட்கார்ந்து வீட்டுக் கடிதத்தைப் பிரித்திருப்பார்கள்! பிக்கோ சீஸும் ரொட்டியும் சாப்பிட்டோம். தனியாளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம் 1895 ஜூலையில் இந்தத் துறைமுகத்துக்கு வந்துவிட்டுப் போன கையோடு, பிளம் பழத்தையும் பிக்கோ சீஸையும் சேர்த்துச் சாப்பிட்டு வயிற்று வலியில் சுருண்டுவிட்டார். கேப்டன் பிளம் பழத்தைத் தொடவே விடவில்லை.

மறுநாள் சுவர். மெரினாவின் சுவர், நடைபாதை எங்கும் வந்துபோன படகுகள் வரைந்த ஓவியங்கள். வரையாமல் கிளம்பினால் கடல் பொறுக்காது என்பது இங்கே எல்லோரும் மதிக்கும் நம்பிக்கை. படிக்க முடிகிற எதன் மேலும் வரையக் கூடாது, அது என் மனசுக்கும் சரியாகப்பட்டது. முழுக்க வெளிறிப்போன ஒரு சதுரத்தைத் தேடிப்பிடித்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளையடித்து, நீலத்தில் எங்கள் படகை வரைந்தேன். அதன் பெயரை ஆங்கிலத்தில் கேப்டன் எழுதினார், கீழே தமிழில் நான் எழுதினேன். கடைசி எழுத்தில் இருந்தபோது அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி இன்னொரு படகு மஞ்சள் கொடியோடு உள்ளே வந்தது. பிரஷ்ஷைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு, நாலு படகுகளின் முன்பக்கத்தை ஏறிக் கடந்து, அவர்கள் வீசும் கயிற்றைப் பிடிக்க ஓடினேன்.