பையன் இன்னா பண்றாரு?

ஜூன் 9, 2025

முகூர்த்த சீசன். காலையிலிருந்து பெற்றோர் வந்தபடி இருக்கிறார்கள். வேலூரில் நான் வேலை பார்க்கும் திருமணத் தகவல் மையத்தில் பையன்களுக்கான படிவம் இரண்டு பக்கம் வரும். வேலை, மாதச் சம்பளம், வீடு சொந்தமா வாடகையா, நிலம் எவ்வளவு, வண்டி உண்டா. குணத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. பெண் வீட்டார் ஃபைலைப் புரட்டும்போது விரல் நேராகச் சம்பளத்தில் போய் நிற்கும். அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. வேலைக்கு அனுப்பாமல் வளர்த்த பெண் நாளைக்குக் கஷ்டப்படக் கூடாதே என்ற பயம். ஆனால் அந்தப் பயம் முழுவதும் ஒரு 27 வயசுப் பையன் தலையில்தான் இறங்குகிறது.

ஜூன் 14

கம்மவான்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வந்தார். தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் கல்வெட்டே உண்டு: முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று. மிலிட்டரிக்காரர் என்றால் யோசிக்காமல் பெண் கொடுத்த பகுதி இது.

இவர் மகன் அக்னிவீர், அதாவது அக்னிபத் திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்தவன். 2022-ல் வந்த திட்டம். நாலு வருஷம் சர்வீஸ். அதற்குப் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ‘சேவா நிதி’ என்று மொத்தமாகக் கொடுக்கும் சுமார் 11.7 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும், பென்ஷன் இல்லை. அடுத்த வருஷக் கடைசியில் பையன் வந்துவிடுவான், இப்போதே நாலு இடத்தில் சொல்லி வைக்கலாம் என்று அப்பா கிளம்பியிருக்கிறார். போன இடமெல்லாம் “பர்மனென்டா?” என்று மட்டும் கேட்கிறார்களாம்.

“நானும் அதே யூனிஃபார்ம்தான் சார் போட்டேன். எனக்குத் தேடி வந்து பொண்ணு குடுத்தாங்க. அவன் இன்னா தப்பு பண்ணான்?” என்றார்.

எல்லையில் காவல் நிற்கிறவனுக்கே இந்த நிலைமை என்றால் பெயின்டருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் என்ன மரியாதை மிஞ்சும்? ராத்திரி சாப்பிடும்போதும் இதே நினைப்பு.

ஜூன் 22, ஞாயிறு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் பார்க்கும் ஒரு தம்பி. பெண் ஸ்டாஃப் நர்ஸ். ஜாதகம் பொருந்தியது, பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பையன்தான் வேண்டாம் என்கிறான். அவள் சம்பளம் இவனுடையதைவிட அதிகம். “சொந்தக்காரங்க முன்னாடி எப்படிண்ணே நிக்கிறது?” என்று கேட்டான். பக்கவாதம் வந்த அப்பாவைத் தினமும் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுத்தான் அவன் ஷிஃப்ட்டுக்குப் போகிறான். அதை ஒரு தகுதியாக அவனே நினைக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 12

இன்று குரூப் 4 தேர்வு. 3,935 இடங்களுக்கு 13 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம். குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். பையன் பரீட்சைக்கே போகவில்லையாம். போன தடவை பாஸாகாததிலிருந்து கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை, ரூமை விட்டு வெளியே வருவதும் குறைந்துவிட்டது. “ஒரு கல்யாணம் பண்ணா சரியாயிடுமா?” என்கிறார்.

ஆகாது என்று நேராகவே சொன்னேன். 2022-ல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். நூற்றுக்கு 72 பேர் ஆண்கள், மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் தினக்கூலிகள். குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. அதை அவரிடம் சொல்லிப் பயமுறுத்தவில்லை. அரசின் 104 உதவி எண்ணுக்குப் போன் போட்டால் இலவசமாகப் பேசுவார்கள், டாக்டரிடம் கூட்டிப் போவது அவமானம் இல்லை, முதலில் மார்க், வேலை பேச்சை நிறுத்திவிட்டு அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றேன். சாயங்காலம் மறுபடி நானே கூப்பிட்டேன். சாப்பிட்டானாம். அப்பா மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளை அவரிடம் பேச வேண்டும்.

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது, ஆள் வரத்து இல்லை. படிவத்தில் ‘வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறார், எப்படிப் பழகுவார்’ என்று இரண்டு வரி சேர்க்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். “யாருப்பா படிப்பாங்க?” என்றார். சரி, அச்சடிக்க வேண்டாம், கையால் எழுதலாம். ஆம்பூர் தம்பியிடம் கேட்டுக்கொண்டு, அவன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் விஷயத்தை எழுதி நர்ஸ் வீட்டுக்கே அனுப்பினேன். பெண்ணின் அம்மா உடனே கூப்பிட்டார். ஆவணியில் வந்து பார்க்கிறார்களாம். தம்பி இன்னும் சரி என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.