அக்காவின் சி டிரைவ்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் சர்வீஸுக்குப் போகும் நாளில் ஸ்குரூடிரைவரை மறந்தாலும் மறப்பேன், பென்சில் ரப்பரை மறக்கமாட்டேன். டேனரியில் தோலிலிருந்து முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுவார்கள். அங்கிருந்து கிளம்பும் வாயு செம்பையும் வெள்ளியையும் கறுப்பாக்கிவிடும். பக்கத்து அறையில் ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு சாத்தி, பூ வைத்து உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரையும் அது விடாது. "டிஸ்பிளே வரலை சார்" என்று போன் வரும். போய்க் கேபினட்டைத் திறந்து, ரேம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பல்வரிசையை ரப்பரால் அழுத்தித் தேய்த்து மாட்டினால் ஒரு பீப் சத்தம், அப்புறம் எல்லாம் வந்துவிடும். இந்த வைத்தியத்தை எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தரவில்லை. காட்பாடியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் சொன்னது.

1999-இலிருந்து வேலூரைச் சுற்றி இந்த வேலை செய்கிறேன். இத்தனை வருடத்தில் எந்த டேனரி அலுவலகத்திலும், எந்த லாட்ஜிலும் "எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லது?" என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கணக்கு எழுதும் டேலி ஓடுமா, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் வைத்து நாலு காப்பி விழுமா, சாயங்காலத்துக்குள் சரியாகுமா, இவ்வளவுதான் கேள்வி. கேட்காத கேள்விக்கு என்னிடம் மட்டும் நிறைய பதில் இருந்தது.

பகலில் சர்வீஸ், இரவில் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வேலூர் தெரிந்தவர்களுக்கு அந்தத் தெருக்களைச் சொல்லவேண்டியதில்லை. கடை போர்டில் தமிழுக்குக் கீழே வங்காளம் இருக்கும். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குவார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து ஊருக்கு மெயில் அனுப்புவார்கள். யாஹூ மெசஞ்சரில், சுண்டைக்காய் அளவு வெப்கேம் படத்தில், பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோவார்கள். அடுத்த கேபினில் காலேஜ் பையன் முகம் தெரியாத ஆளோடு விடிய விடிய சாட் செய்துகொண்டிருப்பான். இரண்டு பேருக்கும் மணிக்கு முப்பது ரூபாய்தான். இணையக் கலாச்சாரம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பிளைவுட் தடுப்புதான் ஞாபகத்துக்கு வரும்.

ஒரு ராத்திரி, அப்பாவைச் சிகிச்சைக்குக் கூட்டிவந்திருந்த வங்கதேசத்து இளைஞர் ஒருவர் கூப்பிட்டார். அவருக்கு வந்த மெயில் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போது இந்திய எழுத்துகள் சரியாகத் தெரியவேண்டுமென்றால் கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய் ஒரு டிக் போடவேண்டும். போட்டதும் எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி கொடுத்து, ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் கட்டமெல்லாம் எழுத்தாகிவிட்டது. பதிலை வங்காளத்திலேயே எழுத அவர் ஒரு சின்ன மென்பொருளை இறக்கிக்கொண்டார். பெயர் அவ்ரோ. மைமன்சிங் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மெஹ்தி ஹசன் கான் என்ற மாணவர் அதை எழுதி 2003-இல் இலவசமாக வெளியிட்டிருந்தார். ஆங்கிலத்தில் ஒலிப்படி அடித்தால் வங்காளம் விழுந்தது. அதே மாதிரி தமிழுக்கும் உண்டா என்று தேடித்தான் நான் அழகிக்கும் இ-கலப்பைக்கும் வந்து சேர்ந்தேன். தமிழ் எழுத எனக்கு வழிகாட்டியவர் ஒரு வங்காளி என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

இலவசமாக ஒருவன் எழுதிக் கொடுக்கிறான், உலகம் எடுத்துக்கொள்கிறது என்பது எனக்குள் ஏதோ செய்துவிட்டது. அங்கிருந்து, விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸுக்குப் போக ரொம்ப தூரம் இல்லை. அப்போது உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிடுகிறவர்கள் விலாசம் கொடுத்தால் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்புவார்கள். 2006-இல் எனக்குப் பத்து சிடி வந்தது. போஸ்ட்மேன் வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்துவிட்டு, "வேலை கெடச்சிடுச்சா?" என்றார். பத்து சிடியும் பத்து வேதப்புத்தகம் மாதிரி என் பையில் இருந்தன. விண்டோஸ் என்றாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. பென்டிரைவ் மூலம் பரவும் வைரஸ்கள் உச்சத்தில் இருந்த காலம் அது. ஃபோல்டர் மாதிரியே ஐகான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், திறந்தால் ஆச்சு. வாரத்துக்கு பத்து கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். லினக்ஸ் இலவசம், இலவசம் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் அசையவில்லை. காரணம் புரிய நாளாயிற்று. எங்கள் ஊரில் விண்டோஸும் இலவசம்தான். சென்னை ரிச்சி தெருவில் பாகம் வாங்கப் போய் வரும்போது கூடவே ஒரு சிடி வரும். அதையே எல்லாருக்கும் போட்டோம். லைசென்ஸ் என்ற சொல்லை ஆர்.டி.ஓ. ஆபீஸோடு நிறுத்திவைத்திருந்தோம். திருட்டுச் சரக்கும் தர்மச் சரக்கும் ஒரே விலையில் கிடைக்கும் சந்தையில் தர்மத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? தப்பு செய்தவர்களில் நானும் ஒருவன், அதனால் சத்தமாகச் சொல்லவும் முடியாது.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன்.

சத்துவாச்சாரியில், கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் ஒரு டிடிபி சென்டர். வைத்திருந்தவர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப் சொல்லிக்கொடுத்தவர், கம்ப்யூட்டர் வந்ததும் ஒரு அசெம்பிள்டு செட்டும் பிரிண்டரும் வாங்கிப் போட்டார். கோர்ட் மனு, கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் பேஜ்மேக்கரில் அவர் விரல் வழியாகத்தான் வெளியே வரும். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே அடிப்பார்.

அவர் கம்ப்யூட்டரில் மூன்றாவது முறையாக வைரஸ் வந்தது. நான் சிடியை எடுத்தேன். "அக்கா, இனிமே உங்களுக்கு வைரஸ் தொல்லையே இருக்காது" என்றேன். அவர் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வேலையெல்லாம் டி டிரைவ்ல கீது, அதைத் தொடாத. மத்ததை நீ பார்த்துக்கோ தம்பி" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டி டிரைவை நான் தொடவில்லை. சி டிரைவில் டெஸ்க்டாப்பையும் மை டாக்குமென்ட்ஸையும் காப்பி எடுத்துக்கொண்டேன். விண்டோஸை முழுதாக வழித்துவிட்டு உபுண்டு போட்டேன். எவ்வளவு வேகம், எவ்வளவு சுத்தம்! பழுப்பு நிறத் திரையைப் பார்த்துக்கொண்டு நானே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காலை ஒன்பது மணிக்குப் போன். ஆவணி முகூர்த்தம், ஐந்நூறு பத்திரிகை, மதியம் மாஸ்டர் காப்பி பிரஸ்ஸுக்குப் போகவேண்டும். "பேஜ்மேக்கர் எங்கப்பா?" ஒயின் என்ற மென்பொருள் மூலம் விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டலாம் என்று படித்திருந்தேன். ஓட்டினேன், பாதி வழியில் நின்றது. வேறு எதிலாவது அடித்துக்கொடுக்கலாம் என்றால் அக்கா பழகிய கீபோர்டு வரிசை அதில் இல்லை. இதைப் புரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழை உட்காரவைத்தவை. பாமினி என்ற ஃபான்ட்டில் ஜே அடித்தால் 'த', கே அடித்தால் 'ம', அரைப்புள்ளி அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி. அக்கா வைத்திருந்த மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் வரிசைக்கென்று தனியாக ஒரு கீபோர்டு நிரல் உண்டு, அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இணையத்தில் எனக்குக் கிடைத்த தமிழ்99 கீபோர்டு வரிசையையோ ஒலிப்பு முறையையோ அவரிடம் நீட்டுவது, இருபது வருடம் நாதஸ்வரம் வாசித்தவரிடம் புல்லாங்குழலும் ஊதுவதுதானே என்று சொல்வது மாதிரி.

தோல்வியை ஒப்புக்கொண்டு மறுபடி எக்ஸ்பி போட்டேன், பேஜ்மேக்கர் போட்டேன். டி டிரைவிலிருந்து ஃபைலைத் திறந்தேன். அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. பிள்ளையார் சுழிக்குக் கீழே மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஏதோ கிடந்தது. ஃபான்ட்டெல்லாம் சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தவை. ஏழெட்டு வருடமாக அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று அக்கா சேர்த்தவை. விநாயகர், வாழைமரம், மேளம், குத்துவிளக்கு எல்லாம் எழுத்துக்குப் பதிலாக வரும் ஒரு ஃபான்ட்டும் அதில் போய்விட்டது. டி டிரைவ் பத்திரமாக இருந்தது. அதைப் படிக்கும் கண்ணை நான் பிடுங்கிவிட்டிருந்தேன்.

குடியாத்தத்தில் அக்காவின் தோழி ஒருவர் டிடிபி வைத்திருந்தார். பஸ் பிடித்துப் போய் அவரிடமிருந்த ஃபான்ட்டுகளை சிடியில் எழுதி வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்பினேன். அக்கா யாரிடமோ கெஞ்சி பிரஸ்ஸில் சாயங்காலம் வரை அவகாசம் வாங்கியிருந்தார். முக்கால்வாசி ஃபான்ட் கிடைத்தது. மீதி இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் பரவாயில்லை. டீ வாங்கிக்கொடுத்துவிட்டு, "உனக்கு இன்னா புடிக்குதுன்னு என் கம்ப்யூட்டர்ல ஏன்பா போட்டுப் பாக்குற?" என்று மட்டும் கேட்டார்.

பழைய பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தே போனேன். கேள்வி கூடவே வந்தது. சர்வர் எதில் ஓடுகிறது, கெர்னல் எப்படி எழுதப்பட்டது என்றெல்லாம் நான் பேசியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவ்வளவும் என் கம்ப்யூட்டரைப் பற்றிய பேச்சு. அக்காவுக்குக் கம்ப்யூட்டர் என்பது விரலில் இருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் சண்டை போடுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். பெரும்பாலும் தன் மெஷினில் தானே குப்பை போட்டுத் தானே பெருக்கிக்கொள்ள நேரமுள்ளவர்கள். தப்பில்லை, நானும் அந்த ஜாதிதான். அடுத்தவர் மெஷினைத் திறக்கும்போது மட்டும் வாயைக் கட்டிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

அதற்கு அப்புறம் வந்ததையெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்த்தேன். 2011-இல் அரசு இலவச லேப்டாப் கொடுத்தபோது அதில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. எவ்வளவு நல்ல காரியம்! ஆனால் கடைக்கு வந்த முதல் பையன் கேட்டது, "அண்ணா, ஆன் பண்ணா ரெண்டு பேர் வருது, ஒண்ணைத் தூக்கிடுங்க." எதைத் தூக்கவேண்டும் என்று அவன் சொல்லத் தேவையே இல்லை. தூக்கினேன். ஒருமுறை மட்டும், ஆற்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "இருக்கட்டும் அண்ணா, அதுல என்னா இருக்குன்னு பாக்குறேன்" என்றாள். அன்றைக்குச் சர்வீஸ் சார்ஜ் வாங்கவில்லை. விண்டோஸ் 8 வந்தபோது லாட்ஜ் மேனேஜர் ஒருவர், "ஸ்டார்ட் பட்டனைக் காணோம், யாரோ எடுத்துட்டாங்க" என்று புகார் சொன்னார். எடுத்தது மைக்ரோசாஃப்ட் என்று சொல்லி அவரை நம்பவைக்க முடியவில்லை. 2016-இல் ஜியோ வந்தது, பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புகளைப் பிரித்து விற்றோம். இப்போது வங்கதேசத்து அம்மா லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்தபடி பேரனோடு வீடியோவில் பேசுகிறார். மணிக்கு முப்பது ரூபாய் கேட்க யாரும் இல்லை, நல்லதுதான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. பதினொன்றுக்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை புராசஸராவது வேண்டும். கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன், நன்றாக ஓடும் செட்டுகள், ஒரே நாளில் கிழடாக்கப்பட்டவை. ஓர் எஸ்எஸ்டி மாட்டினால் இன்னும் ஐந்து வருடம் ஓடும். இப்போது ஆட்களே வந்து, "அந்த லினக்ஸ்னு ஒண்ணு சொல்வியே" என்கிறார்கள். நான் உடனே போட்டுக்கொடுப்பதில்லை. பிரிண்டர் என்ன மாடல், டேலி உண்டா, தமிழ் எப்படி அடிப்பீர்கள் என்று டாக்டர் மாதிரி முதலில் கேள்வி. சி டிரைவ் முழுவதையும் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, ஒரு மாதம் அலமாரியில் வைத்திருப்பேன். வாடிக்கையாளருக்கு அது தெரியாது.

அக்காவிடம் இப்போது இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று மகள் வாங்கிக்கொடுத்தது. யூனிகோடு, இ-சேவை விண்ணப்பம், வாட்ஸ்அப்பில் வரும் பிரிண்ட் எல்லாம் அதில். இன்னொன்று அதே எக்ஸ்பி, திரையில் அதே பச்சை மேடு, நீல வானம். இணையக் கம்பி அதற்குக் கிடையாது. பத்திரிகை வேலை வந்தால் அதில்தான்.

போன மாதம் கூப்பிட்டார். பழைய செட்டில் ஆன் செய்யும்போதெல்லாம் தேதி 2002 ஜனவரிக்குப் போய்விடுகிறதாம். மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று போனிலேயே தெரிந்துவிட்டது. ஒரு சிஆர் 2032 வாங்கிக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றி, தூசியை பிரஷ்ஷால் தட்டி, பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தேன். ரேமையும் ஒருமுறை ரப்பரால் தேய்த்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"அது ஓடுது இல்ல? உட்டுடு தம்பி" என்றார். நான் கடைசி ஸ்குரூவைத் திருகி முடிக்கும்வரை முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.