அமெரிக்க கிராண்ட் ஜூரி: மாநிலத்துக்கு ஒரு முறை

அமெரிக்காவில் ஒருவர் மீது கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியது என்ற செய்தியைப் படிக்கும் பலர், அவர் குற்றவாளி என்று முடிவாகிவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அது தீர்ப்பு அல்ல. வழக்கை விசாரணைக்கு அனுப்பப் போதிய முகாந்திரம் உண்டா என்பதை மட்டும், எதிர்த்தரப்பு வாதத்துக்கு இடமில்லாத மூடிய அறையில், அரசு வழக்கறிஞர் முன்வைக்கும் சாட்சியங்களைக் கேட்டு, கிராண்ட் ஜூரி எனப்படும் சாதாரணக் குடிமக்களின் குழு தீர்மானிக்கிறது.

கூட்டாட்சி நீதிமன்றங்களின் பெருங்குற்ற வழக்குகளில் அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் இதைக் கட்டாயமாக்குகிறது. 16 முதல் 23 பேர் கொண்ட குழுவில் 12 பேராவது ஒப்ப வேண்டும். ஆனால் அந்தக் கட்டாயம் மாநிலங்களுக்குப் பொருந்தாது என்று 1884இல் ஹுர்டாடோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டது. டெக்சாசில் 12 பேரில் 9 பேர் ஒப்பினால் போதும். கனெக்டிகட்டில் குற்றம் சாட்ட இக்குழு தேவையே இல்லை. நியூயார்க்கிலோ, குற்றம் சாட்டப்படவிருப்பவர் தாமே குழுவின் முன் சென்று சாட்சி சொல்லச் சட்டம் உரிமை தருகிறது. இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. ஒருவர் குற்றமற்றவர் எனக் காட்டும் சான்று கையிலிருந்தாலும், அதைக் குழுவிடம் காட்டும் கடமை கூட்டாட்சி வழக்கறிஞருக்கு இல்லை என்று 1992இல் வில்லியம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் சட்டமோ, அத்தகைய சான்று இருப்பதைக் குழுவிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. ஒரு தரப்பு மட்டுமே பேசும் அறையில் கலிபோர்னியாவின் விதியே நியாயமானது என்றும், அது எல்லா மாநிலங்களிலும் சட்டமாக வேண்டும் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.