காலையில் மட்டும் கத்திய பெல்ட்

புது பெல்ட் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலை காரின் சாவியைத் திருப்பினால் பழைய கிரீச் சத்தம் அப்படியே திரும்ப வந்து நிற்கிறது. பத்து விநாடி, சில நாள் இருபது விநாடி கத்தும், அப்புறம் தானாக அடங்கிவிடும், அதன்பிறகு நாள் முழுக்க ஓட்டினாலும் வராது. முதல் தடவை இந்தச் சத்தம் வந்தபோது மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெல்ட் பழசாயிடுச்சு, மாத்திடலாம்" என்றார். மாற்றினோம், சத்தம் போனது, நானும் மறந்துவிட்டேன். இப்போது புது பெல்ட்டும் கத்துகிறது என்றால் பழைய பெல்ட்டின் மேல் பழி போட்டதே தப்பு என்று தோன்றியது. இந்தத் தடவை காரணம் தெரியாமல் எதையும் மாற்றுவதில்லை என்று நானே உட்கார்ந்து பார்த்தேன்.

எந்த பெல்ட் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் மூடிக்குள் இருக்கும், அது வேறு. நான் சொல்வது எஞ்சினுக்கு வெளியே, கிராங்க் புல்லியிலிருந்து (எஞ்சின் நேரடியாகச் சுற்றும் பெரிய சக்கரம்) கிளம்பி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், வாட்டர் பம்ப், வண்டியைப் பொறுத்துப் பவர் ஸ்டீயரிங் பம்ப் என்று எல்லாவற்றையும் சுற்றி வரும் தட்டையான, உள்பக்கம் வரிவரியாக இருக்கும் பெல்ட். அதன் முதுகில் 6பிகே1750 மாதிரி ஒரு எண் இருக்கும். முதலில் இருப்பது வரிகளின் எண்ணிக்கை, கடைசியில் இருப்பது மில்லிமீட்டரில் நீளம். மாற்றும்போது இந்த எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும், நீளம் கூடிய பெல்ட்டைப் போட்டால் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கை) தன் எல்லையின் ஓரத்துக்குப் போய்விடும்.

பெல்ட் வழுக்கும்போதுதான் அந்த நீளமான கிரீச் வருகிறது. புல்லி ஒரு வேகத்தில், பெல்ட் இன்னொரு வேகத்தில், நடுவில் ரப்பர் உரசுகிறது. பெரும்பாலும் முதலில் வழுக்குவது ஆல்டர்னேட்டர் புல்லியில்தான், ஏனென்றால் அது சின்னது, பெல்ட் அதைக் கொஞ்ச தூரம்தான் சுற்றிப் பிடிக்கிறது, ஆனால் அது கிராங்கைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட் செய்த உடனே பேட்டரி தான் இழந்த சார்ஜை மொத்தமாகக் கேட்கும், ஆல்டர்னேட்டர் கனமாகிவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் சத்தம் வருவதற்கு இதுவே ஒரு காரணமாக இருக்கலாம். பேட்டரி வீக்காக இருந்தால் இன்னும் நேரம் கத்தும். அதனால் பெல்ட்டைத் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பார்த்தேன்: இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டியது, எஞ்சின் ஓடும்போது 14-க்கு மேல். அங்கே கோளாறு இல்லை.

சத்தத்தையே உற்றுக் கேட்பது இன்னும் முக்கியம், இதை யாரும் பொறுமையாகச் செய்வதில்லை. இழுத்துக் கத்துவது ஒரு வகை, அது ஏசி போட்டால், ஹெட்லைட் போட்டால், ஸ்டீயரிங்கை ஓரம்வரை திருப்பினால் கூடும். இன்னொன்று கீச் கீச் என்று குருவி மாதிரி, எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப விட்டுவிட்டு வருவது. அது பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் வரும், ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலே போதும். ஒரு டிகிரி என்பது இரண்டு புல்லிக்கு நடுவே 100 மில்லிமீட்டர் தூரத்துக்கு 1.7 மில்லிமீட்டர் விலகல், கண்ணால் பார்த்தால் நேராக இருப்பது மாதிரியேதான் தெரியும். மூன்றாவது, கரகரவென்று அல்லது ஊளையிடுவது மாதிரி ஒரே சீராக வருவது. அது பெல்ட்டே இல்லை, ஏதோ ஒரு பேரிங்.

இதைப் பிரிக்க ஒரு எளிய வழி, தண்ணீர். ஸ்ப்ரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீர், எஞ்சின் ஐடிலில் ஓட, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் லேசாக அடிக்க வேண்டும். தொங்கும் துணி, வளையல், அவிழ்ந்த முடி எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது, கை தள்ளியேதான் இருக்க வேண்டும், ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பிக்கும். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது இழுவிசை போதவில்லை அல்லது பிடிமானம் போய்விட்டது. சத்தம் சட்டென்று நின்று சில விநாடியில் திரும்ப வந்தால் நேர்கோட்டுப் பிரச்சினை. எதுவுமே மாறவில்லை என்றால் பேரிங்குகளைத் தேட வேண்டும்.

என் வண்டியில் தண்ணீர் அடித்ததும் காது கிழிகிற மாதிரி கூடியது. வழுக்கல்தான், சந்தேகமில்லை.

சரி, ஏன் வழுக்குகிறது? பெல்ட் புதுசு, தேய்மானம் கிடையாது. (பழைய பெல்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: வெடிப்பு இல்லை, அதனால் பெல்ட் நல்லா இருக்கிறது என்று நம்ப வேண்டாம். முன்பு வந்த நியோப்ரீன் பெல்ட்டுகள்தான் தேய்ந்தால் வெடிக்கும். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் வெடிக்காமலே சாலை டயர் மாதிரி தேய்கிறது, வரிகளுக்கு நடுவில் உள்ள பள்ளம் அகன்று, பெல்ட் புல்லிக்குள் ஆழமாக உட்கார்ந்து பிடிமானத்தை இழக்கிறது. அதை அளக்கப் பிளாஸ்டிக் கேஜ் இருக்கிறது.)

அடுத்தது டென்ஷனர். எஞ்சின் ஓடும்போது அதன் கை லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை, துள்ளினால் உள்ளே அதிர்வை அடக்கும் டேம்பர் போய்விட்டது. பல டென்ஷனர்களில் ஒரு முள்ளும் இரண்டு கோடுகளும் இருக்கும், முள் கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். என்னுடையது நடுவில்தான் நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்பானர் போட்டுத் திருப்பியபோது திக்கித் திணறாமல் ஒரே சீராக வந்து, விட்டதும் முழுசாகத் திரும்பியது. பெல்ட்டைக் கழற்றும் முன் அது போகும் பாதையை ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன், இதைச் செய்யாமல் கழற்றாதீர்கள்.

கழற்றியபின் ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினேன். பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லி வழவழவென்று, டென்ஷனர் புல்லி வழவழவென்று, ஆல்டர்னேட்டரும் அப்படியே. வாட்டர் பம்ப் புல்லியைச் சுற்றும்போதும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது மிகமிக லேசாக ஒரு அசைவு, விரலில் உணர முடிந்த அளவுக்குத்தான். டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தேன். பம்ப்பின் உடம்பில் ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்பதற்காகவே வைத்த துளை. அதற்குக் கீழே வெளிறிய ரோஜா நிறத்தில் காய்ந்த உப்பு மாதிரி ஒரு கறை, நேராக பெல்ட் ஓடும் இடம்வரை இறங்கியிருந்தது.

அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. இரவில் எஞ்சின் ஆறும்போது சொட்டுச்சொட்டாகக் கசிந்து, பெல்ட்டின் ஒரு பகுதி கூலன்ட்டில் நனைந்து காத்திருக்கிறது. காலையில் ஆல்டர்னேட்டர் அதிகமாக இழுக்கும் அதே நேரத்தில் அந்த வழவழப்பு புல்லிகளில் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் சூட்டிலும் வேகத்திலும் அது சிதறிக் காய்ந்துவிடுகிறது, சத்தமும் போய்விடுகிறது. புது பெல்ட் கிட்டத்தட்ட மூன்று வாரம் தாங்கியது அதன் வரிகள் கூர்மையாக இருந்ததால். ரிசர்வாயரில் கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் முன்பே கவனித்திருந்தேன், கோடை வெயில்தான் காரணம் என்று ஊற்றிவிட்டு நகர்ந்திருந்தேன். சில எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட் சுற்றும், அங்கே இந்தக் கதை வேறு மாதிரி. என்னுடையதில் இந்த பம்ப் இறுகி நின்றிருந்தால் பெல்ட் அறுந்து, எஞ்சின் நடுச்சாலையில் கொதித்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பம்ப்பை கேஸ்கெட்டோடு மாற்றினோம், பெல்ட்டையும் மறுபடி மாற்றினோம், கூலன்ட் ஊறின ரப்பரைத் துடைத்துத் திரும்பப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புல்லிகளின் பள்ளத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தபிறகுதான் புதுசைப் போட்டோம், போன தடவை இதைச் செய்யாமல் விட்டிருந்தோம். நடுவில் ஒருவர் பெல்ட் சத்தத்தை நிறுத்தவென்று விற்கும் ஸ்ப்ரேயை அடிக்கச் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். அது சத்தத்தைச் சில நாள் மறைக்கும், அப்புறம் தூசியைப் பிடித்துப் பிசுபிசுப்பாகப் பள்ளத்தில் படியும். என் பெல்ட் சத்தம் போடாமல் இருந்திருந்தால் அந்தக் கறையை நான் பார்த்திருக்கவே மாட்டேன். அதேபோல டென்ஷனர் இல்லாமல் போல்ட்டால் இறுக்கும் பழைய வகை வண்டியில் சத்தம் நிற்கும்வரை முறுக்கிக்கொண்டே போவதும் தப்பு, அந்த இழுப்பு முழுக்க ஆல்டர்னேட்டர் பேரிங்கிலும் வாட்டர் பம்ப் பேரிங்கிலும்தான் விழும். எவ்வளவு இறுக்கம் என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும்.

ரிசர்வாயரில் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்கிறேன். இரண்டு மாதமாக அதே கோட்டில்தான் நிற்கிறது.