வெளியிலிருந்து தெரியாது

"அதன் வயிற்றில் குட்டி இருந்ததா?" என்று போனில் கேட்டார் அந்த விவசாயி. ஓடையில் அணை கட்டும் கொறிவிலங்கான பீவர் ஒன்றைச் சுட்டு, அறுத்துப் பரிசோதிக்க எங்களிடம் கொடுத்திருந்தவர் அவர்.

நான் சொன்ன பதில் இது: "பீவரை வெளியிலிருந்து பார்த்தால் ஆணா பெண்ணா என்பதே தெரியாது. உறுப்புகள் எல்லாம் உள்ளே இருக்கும். பால் கொடுக்கும் சமயத்தில் காம்பு தெரியும், அவ்வளவுதான். மற்றபடி ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பியை அழுத்தி, கசிவது என்ன நிறம், எவ்வளவு கெட்டி என்று பார்த்துத்தான் சொல்வோம்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அவர் இதைக் கேட்கவில்லையே. நான் பேசிக்கொண்டிருந்தபோது என் முன்னால் எஃகுத் தட்டில் மூன்று கருக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும். எடை போட்டு, படிவத்தில் எழுதியும் முடித்திருந்தேன்.

"ஓ, அப்படியா. சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் தப்பு எதுவும் செய்யவில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் 2019 மே 1 முதல் பீவர் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் இருந்தால்தான் சுடலாம். அந்த ஆண்டு மட்டும் உரிமத்தின் பேரில் 87 பீவர்கள் சுடப்பட்டன, அடுத்த ஆண்டு 115. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 16 வரை, குட்டிகள் தாயை நம்பியிருக்கும் காலம் என்பதால், பொதுவாகச் சுட அனுமதி இல்லை. இவர் சுட்டது மார்ச் கடைசி வாரம். பீவர் ஜனவரி, பிப்ரவரியில் இணைசேரும், மூன்றரை மாதம் சுமக்கும். அப்படியானால் மார்ச்சில் சுடப்படும் வளர்ந்த பெண் பீவர் பெரும்பாலும் எப்படி இருக்கும்? கணக்குத் தெரிந்த யாருக்கும் தெரியும். பிறந்த குட்டிக்குத்தான் அந்தத் தேதிகள், பிறக்காததற்கு இல்லை. அதை எழுதியவர் அவர் அல்லவே.

அவருடைய வயலையும் நான் பார்த்திருக்கிறேன். ஓடையில் அணை கட்டினால் மண்ணுக்கு அடியில் புதைத்த வடிகால் குழாய்களில் தண்ணீர் எதிர்த்து ஏறி, உருளைக்கிழங்கு நிலம் சேறாகிவிடும். கரையைக் குடைந்து வளை தோண்டியிருந்தால், டிராக்டர் சக்கரம் அப்படியே உள்ளே இறங்கும். இதே பீவர் அணை வேறோர் இடத்தில் வெள்ளத்தின் வேகத்தைக் குறைக்கிறது, வண்டலைப் பிடித்துவைக்கிறது. பெர்த்ஷயரின் பாம்ஃப் பண்ணையில் 2002-இல் கொண்டுவந்து விட்ட பீவர்களால் ஓடையோரச் செடிவகைகள் பெருகியதை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். ஆனால் சேற்றில் நிற்கும் ஆளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் உண்டு. சுட்ட உடலைச் சத்தமில்லாமல் புதைத்துவிடலாம். இவர் பையில் கட்டி எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பக்கத்துப் பீவர்கள் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த வம்சம் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. பவேரிய நரிகளிடம் ஒரு நாடாப்புழு உண்டு, எக்கினோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ். அதன் இளம்புழு பீவரின் ஈரலில், ஏன் மனிதர் ஈரலிலும், கட்டி மாதிரி பரவும். பிரிட்டனில் அது நிலைகொள்ளவில்லை. அப்படியே இருக்க வேண்டுமென்றால் ஒவ்வோர் ஈரலையும் வெட்டிப் பார்த்தாக வேண்டும். அதற்கு உடல்கள் வேண்டும். உண்மையைச் சொன்னால் மனம் நொந்து அடுத்த உடலை அனுப்பமாட்டார் என்று யோசித்துத்தான் அப்படிப் பேசினேன்.

இல்லை, இது இப்போது எழுதும்போது வந்த காரணம். அன்று நான் எதையும் யோசிக்கவில்லை. கேள்வி வந்ததும் வாய் தானாகப் பாடம் நடத்தப் போய்விட்டது.

அவர் ஏன் கேட்டார் என்றும் நான் கேட்கவில்லை. ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கிற ஆள். மார்ச் கடைசியில் தொழுவத்தில் தூக்கமில்லாமல் நின்றுகொண்டே அந்தப் போனைச் செய்திருக்கலாம். என் அறிக்கை அவருக்குப் போகவில்லை. அதில் ஈரல் சுத்தம், வால் கொழுப்பு போதுமானது, பொது ஆரோக்கியம் நன்று என்று எழுதியிருந்தேன். ஆரோக்கியத்துக்குச் சான்றாகத்தான் மூன்று கருக்களையும் குறிப்பிட்டிருந்தேன். அந்தப் படிவத்தில் அவற்றுக்கு வேறு கட்டம் கிடையாது.

அக்டோபரில் அவரிடமிருந்து இன்னொரு பை வந்தது. தேதி, இடம், துப்பாக்கி விவரம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, ஒரு வரி: "ஆண் என்று நினைக்கிறேன்."